மவுஸை ஆட்டிக்கொண்டிருந்த மத்தியானம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறை. வெளியே சாரல். ஊர் ஜனமெல்லாம் அருவிக்கரையில். நானோ ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வேறு எந்த வேலையும் இல்லை. ஆட்டினேன், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? என் தம்பி குளிக்கப் போயிருந்தான்.

புரியவில்லை அல்லவா? இருங்கள், முறையாகச் சொல்கிறேன். 

தம்பி பெயர் இசக்கி. நாற்பதைத் தாண்டியவன். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், அப்படியே இங்கே தங்கிவிட்டான். குத்துக்கல்வலசையில் வீடு கட்டினான். மாடியில் ஒரு அறை. அதுதான் ஆபீஸ். மனைவி கல்யாணி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் நிலா. நான் தென்காசி டவுனுக்குள்ளேயே, பத்திரிகைக்கு வாராவாரம் இப்படி ஏதாவது எழுதிக்கொண்டு இருக்கிறேன். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் அவன் வீடு.

'உன் தம்பிக்கென்ன, வீட்டில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர் சம்பளம்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் அவன் அந்த வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை... லேப்டாப் முன்னால் தவிர.

காலையில் நடக்கப் போவான். காதில் ஏதோ பாடம் ஓடும், இரண்டு மடங்கு வேகத்தில். சாப்பிடும்போது வலது கையில் சோறு, இடது கையில் போன். ஆபீஸ் வேலை முடிந்ததும் புதிதாக ஏதாவது ஆன்லைன் கோர்ஸ். 'இதப் படிக்கலைன்னா அடுத்த வருசம் நம்மளத் தூக்கிருவான்' என்பான். அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்றுகூட பின்கட்டில் அரிசி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங் பேசினான். மொட்டைத் தலை தெரிந்துவிடாதபடி கேமராவை அணைத்துவிட்டுப் பேசினான்.

ஒரு நாள் கல்யாணி எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"மதினி, ராத்திரி தூக்கத்துல இவியளுக்கு விரலெல்லாம் ஆடுது மதினி. டைப் அடிக்க மாதிரியே. எனக்குப் பயமா இருக்கு."

"நீ எழுப்பிப் பாத்தியாட்டி?"

"எழுப்புனா திடுக்குனு எந்திச்சி, 'லேட் ஆயிட்டா?'ன்னு கேக்காவ."

அடுத்த முறை அவனைப் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "ஏலே, ஒரு வாரம் லீவு போட்டா என்ன? லீவு இருக்குல்லா?"

"நெறைய இருக்குக்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அந்த வீட்டில் எங்களைத் தவிர யாருமே இல்லை. ஆனாலும் தாழ்த்தினான்.

"எங்க டீம்ல ஒருத்தன், அம்மாவுக்கு ஆபரேசன்னு ரெண்டு வாரம் லீவு போட்டான். அவன் வேலைய நாங்க நாலு பேரு பிரிச்சிச் செஞ்சோம். நல்லபடியா நடந்துட்டு. அதான் வெனையாப் போச்சி. அவன் இல்லாமலே வேலை நடக்குன்னு மேல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிட்டுல்லா? கொஞ்ச நாள்ல ஆளு இல்ல."

  நாம் இல்லாமலும் உலகம் நடக்கும் என்பதை எத்தனையோ பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரன் காதில் அது எப்படி விழும் என்று யாராவது யோசித்தார்களா?

அதனால்தான் கல்யாணி அந்தத் திட்டம் போட்டாள். குற்றாலத்தில் இரண்டு நாள் ரூம்.

தென்காசிக்காரர்கள் யாராவது குற்றாலத்தில் ரூம் போடுவார்களா? ஈரத் துண்டோடு பஸ் ஏறினால் துண்டு காய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். லாட்ஜ் மேனேஜர் எங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "குத்துக்கல்வலசையா? வீட்டுல ஏதும் வேலை நடக்கா?" என்று கேட்டார். "ஆமா, வேலைதான் நடக்கு. நிக்கவே மாட்டேங்கு" என்றாள் கல்யாணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். எனக்கு சைனஸ் தொல்லை. அருவியில் தலையைக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு மூக்கை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் சாரலை வேடிக்கை பார்க்க மூக்கு எதற்கு?

இசக்கி வந்தான். லேப்டாப்போடு. லீவு போடவில்லை. 'வீட்டிலிருந்து வேலை' என்று பெயர். வீடு மட்டும் இடம் மாறியிருந்தது.

காலை முழுக்க அறையிலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணியும் நிலாவும் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் நிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

"ஒரே ஒரு தடவ வாங்கப்பா. அருவிய நிமிந்து பாத்துட்டாவது வந்துருங்க."

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"எக்கா, ஒரே ஒரு உதவி."

என்னை நாற்காலியில் உட்கார வைத்தான். ஆபீஸ் ஆட்கள் பேசிக்கொள்ளும் செயலி ஒன்று திரையில் திறந்திருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு பச்சை வட்டம். ஆள் வேலையில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

"செத்த நேரத்துக்கு ஒருக்கா இந்த மவுஸ லேசா ஆட்டிக்கிட்டே இரு. வேற எதையும் தொட்டுராத."

"ஆட்டலைன்னா?"

"இந்தப் பச்சை மஞ்சளாயிரும்."

"மஞ்சளானா?"

அவன் கரண்டு கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். தண்ணீரில் நனைந்துவிடும் என்று போனையும் மேஜையில் வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். என்னையல்ல. திரையை.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நானும் இத்தனை வயதுக்கு எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். சம்பளம் வாங்குகிறவனுக்குப் பதிலாக எலிக்குட்டியைத் தடவிக்கொடுக்கிற வேலை இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் போனது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாட்டிலைத் திறக்கும்போதே கண் திரைக்குப் போனது. பச்சை. மூடியைக்கூடப் போடாமல் ஓடி வந்து ஒரு ஆட்டு ஆட்டினேன்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தானே வந்தேன்? பார்க்கவே இல்லை. என் கண் அந்தப் பச்சைப் பொட்டை விட்டு நகரவில்லை. அது மஞ்சளானால் யாருக்கோ தெரிந்துவிடும்... தெரிந்தால் ஏதோ ஆகிவிடும்... என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. சளி, காய்ச்சல் மாதிரிதான் பயமும். பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்கிறது.

அப்போதுதான் அருவியின் சத்தம் மாறியது.

இந்தப் பக்கத்து ஆட்களின் காதுக்கு அது தெரியும். 'சோ'வென்று விழுந்துகொண்டிருந்தது திடீரென்று கனத்து, உறுமலானது. மலை உச்சியில் நல்ல மழை பிடித்திருக்க வேண்டும். அறை இருட்டிக்கொண்டு வந்தது.

சைரன் ஊதியது.

வராந்தாவில் யாரோ ஓடினார்கள். "தண்ணி ஆர்ச்சத் தாண்டி விழுது! போலீசு எல்லாத்தையும் வெரட்டுதாவ!" பேரருவியில் பாறையை ஒட்டி ஒரு வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதற்குள் விழும்வரை குளிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் ஒருவரும் கீழே நிற்கக் கூடாது.

கீழே தம்பி நின்றுகொண்டிருக்கிறான். கல்யாணி. குழந்தை.

சடாரென்று எழுந்தேன். அதே நொடியில் திரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒரு பெட்டி திறந்தது. அவனுடைய மேலதிகாரி அம்மா. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: இசக்கி, இருக்கீங்களா?

நான் நின்றேன்.

அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். சைரன் ஊதிக்கொண்டிருக்கிறது. என் கூடப்பிறந்தவன் அருவிக்கு அடியில். கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ஆனால் வலது கை மட்டும் மவுஸின் மேலேயே இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. எடுத்தால் மஞ்சளாகிவிடுமே!

எத்தனை நேரம்? ஒரு மூச்சு, இரண்டு மூச்சு இருக்கலாம். எனக்கு அது போதும். இசக்கிக்குள் என்ன குடியிருக்கிறது என்று அந்த இரண்டு மூச்சில் தெரிந்துகொண்டேன்.

கையை உதறிவிட்டு ஓடினேன்.

தெருவெல்லாம் ஈர ஜனம். துண்டோடு ஆண்கள், சேலை காலில் சுற்றிக்கொள்ள ஓடுகிற பெண்கள், எண்ணெய் வழியும் உடம்போடு மசாஜ் பாதியில் எழுந்து வந்தவர்கள். விசில் சத்தம். அருவி தெரிகிற இடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் வெள்ளையாக இல்லை. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு விழுந்தது.

கடை ஒன்றின் ஓரத்தில் கல்யாணி. நிலாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உயிர் வந்தது.

"இசக்கி எங்கட்டி?"

அவள் என்னைப் பார்த்து விழித்தாள். "உங்ககிட்டதான மதினி வந்தாவ?"

"எங்கிட்டயா?"

"ஆமா. தலைய நனைச்சாவ. நிக்கவே முடியல. 'லேப்டாப்பப் பாத்துட்டு வாரேன்'னுட்டு அப்பமே கெளம்பிட்டாவளே. ரூமுக்கு வரலையா?"

வரவில்லை.

அருவிக்கும் லாட்ஜுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நடந்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகாது. அவன் போய் அதற்கு மேல் எவ்வளவோ ஆகிவிட்டது. எங்கே போயிருப்பான்? மறுபடி குளிக்கலாம் என்று திரும்பிப் போயிருப்பானோ? அவள் பார்க்காத நேரத்தில் அருவிக்குள்...

இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. நிலா இருந்தாள். ஆனால் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் ஆற்றைப் பார்த்தோம். செம்மண் தண்ணீர் பாலத்துக்கு அடியில் திமிறிக்கொண்டு போனது.

கயிறு கட்டித் தடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவரிடம் ஓடினோம். சின்ன வயசு. மழைக்கோட்டுக்கு மேல் தண்ணீர் வழிந்தது.

"பதறாதீங்கக்கா. எல்லாத்தையும் வெளிய எடுத்தாச்சி. யாரும் உள்ள இல்ல." சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அண்ணன் என்ன கலர்ல உடுத்தியிருந்தாவ?" என்று கேட்டார்.

எதற்கு அந்தக் கேள்வி என்று எங்களுக்குத் தெரியாதா?

கல்யாணி என் பக்கம் திரும்பினாள். "ஞாபகம் வரலையே... மதினி, என்ன கலரு? பதினோரு வருசமா கூட இருக்கேன், என்ன உடுத்திருந்தாவன்னு தெரியலையே..." எனக்கும் தெரியவில்லை. அவன் வாசலில் திரும்பிப் பார்த்தபோதுகூட, அவன் பார்த்த திரையைத்தான் நானும் பார்த்தேன்.

"போட்டோ இருக்கா?" என்றார் போலீஸ்காரர்.

போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள் கல்யாணி. துழாவினாள். நிறுத்தினாள். பையை முழுக்கத் திறந்து பார்த்தாள்.

"கார் சாவியக் காணோம் மதினி."

லாட்ஜில் கார் நிறுத்த இடம் கிடையாது. தள்ளி ஒரு மைதானத்தில் நூறு வண்டிக்கு நடுவே விட்டிருந்தோம். மூன்று பேரும் ஓடினோம். மழை கொட்டியது. நிலா அழ ஆரம்பித்திருந்தாள். ஏன் ஓடுகிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அழுதாள் என்று நினைக்கிறேன்.

கடைசி வரிசையில் எங்கள் கார். கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. ஒரு விரல் இடைவெளிக்கு மட்டும் ஒரு கண்ணாடி இறங்கியிருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து, அதில் இசக்கி. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் திறந்திருந்தது. ஒரு கை கீழே விழுந்து கிடந்தது. ஈரத் துண்டு முகத்தில் பாதியை மூடியிருந்தது.

"இசக்கி!"

அசையவில்லை.

"ஏலே இசக்கி!"

கல்யாணி கண்ணாடியை அறைந்தாள். உள்ளங்கையால் அறைந்தாள், பிறகு முஷ்டியால். "ஏங்க... ஏங்க... இங்க பாருங்க..." கதவு பூட்டியிருந்தது. கார் குலுங்கியது. அவன் தலையும் கூடவே குலுங்கியது. உயிருள்ள தலை அப்படிக் குலுங்குமா?

எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அச்சன்புதூர்ப் பக்கம் வயல் வைத்திருந்தவர். பகலில் அவர் முதுகு தரையில் பட்டு நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் யாராவது படுத்திருந்தால் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பார்: "உடம்புக்கு என்ன?" திட்ட மாட்டார். கோபம் கிடையாது. அந்தக் கேள்வி மட்டும்தான். காய்ச்சல் இருந்தால் படுத்திருக்கலாம். இல்லையென்றால் எழுந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பட்டப்பகலில் படுத்திருக்க உரிமை இரண்டே பேருக்குத்தான் — நோயாளிக்கு, பிறகு பிணத்துக்கு.

அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது, தூங்குகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நொடிகூட. எங்கள் வீட்டு மனிதன் பகலில் கண்ணை மூடிக் கிடந்தால்... வேறு என்னவாக இருக்க முடியும்?

பக்கத்து வேன் டிரைவர் ஒருவர் சத்தம் கேட்டு ஸ்பேனரோடு ஓடி வந்தார். "தள்ளுங்கம்மா, ஒடைச்சிருவோம்" என்று கையை ஓங்கினார்.

இசக்கி கண்ணைத் திறந்தான்.

எங்கள் முகங்களைப் பார்த்தான். ஸ்பேனரைப் பார்த்தான். பதறிக் கதவைத் திறந்தான். முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"எக்கா, மஞ்சளாயிட்டா?"

கல்யாணி அவனை அடித்தாள். ஆமாம், அடித்தாள். மழைக்குள்ளே, வேன் டிரைவர் பார்க்க, மகள் பார்க்க, தோளிலும் நெஞ்சிலும் பட்பட்டென்று அடித்தாள். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அப்படியே நின்றான்.

"கார்ல என்னலே செஞ்ச?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணி தலைல விழுந்ததும் கண்ண அப்படியே சொருகிட்டுக்கா. நிக்க முடியல. அஞ்சு நிமிசம் படுக்கலாம்னு பாத்தேன்."

"ரூமுல கட்டிலு இல்லையா?"

"ரூமுல நீ இருக்க." நிறுத்தினான். "எனக்காவ நீ அங்கன உக்காந்து மவுஸ ஆட்டிக்கிட்டு இருக்க. நான் வந்து உன் முன்னாடி எப்படிப் படுக்க?"

குடிக்கிறவன் ஒளிந்துகொண்டு குடிப்பான். என் தம்பி ஒளிந்துகொண்டு தூங்கியிருக்கிறான்.

அறைக்குத் திரும்பினோம். மஞ்சள்தான். வந்து விழுந்த அழைப்புகளின் வரிசை வேறு. இசக்கி ஈரத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மேலதிகாரி அம்மாவைப் போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுப் படுக்கையில் வைத்தான். கல்யாணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாரி மேடம். இங்க நெட்வொர்க்..." என்று ஆரம்பித்தான். நிமிர்ந்து கல்யாணியைப் பார்த்தான். அவள் அழுத முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல மேடம். நான் தூங்கிட்டேன்."

 அருவியின் உறுமல் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. 

"எங்கீங்க தூங்குனீங்க?" கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"கார்ல மேடம்."

"கார்லயா? ஏனுங்க?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு."

  ஏதோ ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடித்தது அந்த முனையில். பிறகு அந்தக் குரல் தணிந்து வந்தது.

"நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தூங்குவேனுங்க. கதவச் சாத்திக்கிட்டு, பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு. பையனுக்குக்கூடத் தெரியாது."

இசக்கி வாயைத் திறந்தான்.  அதற்குள் அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய அதிகாரிக் குரல் திரும்பிவிட்டது. "சரி, ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை மீட்டிங்கக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். திங்கக்கிழமை பேசிக்கலாம்." வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு மீட்டிங்கைத் தள்ளி வைப்பது. அதற்குத்தான் அந்த 'இருக்கீங்களா?'

நீங்களும் நானும் சிரித்திருப்போம். இசக்கி சிரிக்கவில்லை. "'திங்கக்கிழமை பேசிக்கலாம்'னு ஏன் ரெண்டு தடவ திங்கக்கிழமைன்னாவ?" என்று கேட்டான். இரவுச் சாப்பாட்டிலும் அதையே கேட்டான்.

மறுநாள் ரூமைக் காலி செய்துவிட்டு, கல்யாணி அவனை நேராகத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், இன்னொரு முறை பார்த்தார். மாத்திரை எழுதினார். "நல்லாத் தூங்குதீங்களா?" என்று கேட்டாராம். நிலா முந்திக்கொண்டு, "கார்ல மட்டும் தூங்குவாவ" என்றாளாம். ஒரு வாரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் இசக்கி முகம் தெளிந்ததாம். கல்யாணி அதிசயமாகச் சொன்னாள். எனக்கு அதிசயமாக இல்லை. உடம்புக்கு ஏதோ இருக்கிறது என்று டாக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார். இனிமேல் படுக்கலாமே!

நீங்கள் மட்டும் என்ன? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது யாராவது போன் செய்து 'தூக்கத்தக் கெடுத்துட்டேனா?' என்று கேட்டால், 'சேச்சே, இல்லையே' என்று குரலைச் சரிசெய்துகொண்டு பொய் சொல்வதில்லையா? நான் படுக்கும்போது மார்பின் மேல் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். யாராவது வந்தால் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். இத்தனைக்கும் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலைத் தயாராக நெஞ்சில் சுமந்துகொண்டு படுக்கிறேன்.

திங்கட்கிழமை அவன் சர்டிஃபிகேட்டை அனுப்பி லீவு கேட்டான். 'சரி' என்று பதில் வந்தது. ஒரே வார்த்தை. அதை எனக்கு அனுப்பி, "எக்கா, இதுல கோவம் தெரியுதா?" என்று கேட்டான்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவனைப் பார்க்கப் போனேன். கேட்டைத் திறந்த சத்தம் கேட்டு ஹாலில் ஏதோ உருண்டது. உள்ளே போனால், தரையில் பாயும் தலையணையும் கிடக்க, இசக்கி எழுந்து நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பர் நேற்றையது.

"படுலே" என்றேன்.

"இல்லக்கா, சும்மாதான்..."

"படு."

தயங்கித் தயங்கிப் படுத்தான். நான் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தேன். ஃபேன் ஓடியது. கண்ணை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, கண்ண மூடுனா வாசல்ல யாரோ வந்து நிக்க மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.

யார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நானும் அப்படியே தரையில் சாய்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று காய்ச்சல் இல்லை. கேட்பதற்கும் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது. விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை லேசாக ஆடின. பிறகு நின்றுவிட்டன.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டான். வேலை இருக்கிறது. இன்றுவரை இருக்கிறது என்றுதான் சொல்லச் சொல்கிறான். மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கிறான். ஒளிந்துகொண்டு அல்ல, ஹாலில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "பயத்தோடயே தூங்கப் பழகிட்டு வாரேன்க்கா" என்றான்.

நீங்கள் படிக்கும் இந்த வாரக் கட்டுரையை நேற்றே நான் அனுப்பியிருக்க வேண்டும். கரண்டு இல்லை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் எழுதாமல், 'தூங்கிவிட்டேன்' என்று ஆசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'பரவாயில்லை' என்று பதில் வந்தது.

அந்தப் 'பரவாயில்லை'க்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.